கார்பன் தாளில் கற்ற ஓவியம்: புதிதாகச் சேர்வோருக்கு ஓர் எச்சரிக்கை

வரையவே தெரியாதவர்களுக்கு ஓராண்டில் ஓவியம் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்த தென்சென்னைப் பயிலகம் ஒன்றில் சென்ற ஆண்டு ஜூன் மாதம் சேர்ந்து, ஐந்து மாதம் ஞாயிறு தவறாமல் போய்வந்து, மொத்தம் 31,300 ரூபாய் செலவழித்த பிறகும், வீட்டிலிருக்கும் ஒரு பித்தளைச் சொம்பைப் பார்த்து வரையத் தெரியாதவளாகத்தான் நான் வெளியே வந்தேன். பணக் கணக்கு இன்னும் முடியாததால் பயிலகத்தின் பெயரை எழுதவில்லை. இதே முறையில் வகுப்பு நடத்தும் இடங்கள் வேறும் உண்டு என்று இரண்டு தோழிகள் சொன்னதால், அந்த முறையைத்தான் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு வயது நாற்பத்தேழு. ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். பள்ளியில் ஓவிய வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொண்ட தலைமுறையைச் சேர்ந்தவள் என்பதால், பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள விரும்பினேன். பயிலகத்துக்குள் நுழைந்ததும் சுவர் முழுக்க மாணவர் ஓவியங்கள். ஒவ்வொன்றின் கீழும் 'இரண்டாம் மாதம்', 'நான்காம் மாதம்' என்று குறித்திருந்தார்கள். நான்கு மாதத்தில் இப்படி வரைய முடியுமா என்று கேட்டேன். முடியும் என்பதற்குச் சுவரே சாட்சி என்றார் நிர்வாகி. மாதம் 2,500 ரூபாய் வீதம் கட்டினால் முப்பதாயிரம், மொத்தமாகக் கட்டினால் இருபத்து நாலாயிரம் என்றதும் மொத்தமாகவே கட்டினேன். கணக்கு எழுதுகிறவள் ரசீதின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை என்பதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கற்றுத் தருபவர் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் பயின்றவர் என்று விளம்பரத்தில் இருந்தது. 1850இல் தொடங்கிய, இப்போது பெரியமேட்டில் இருக்கும் அந்தக் கல்லூரியின் பெயரைக் கேட்டாலே நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடும். அந்த ஆசிரியர் முதல் இரண்டு ஞாயிறு வந்தார், நன்றாகவே பேசினார். மூன்றாவது வாரம் முதல் வந்தது, அதே பயிலகத்தில் ஆறு மாதம் முன்பு படிப்பை முடித்திருந்த இருபது வயதுப் பெண். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சம்பளமே மாதம் மூவாயிரம்தான் என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

இனி வகுப்பு நடந்த முறைக்கு வருகிறேன். ஒரு நிழற்படத்தைப் பெரிதாக அச்செடுத்து, அடியில் கார்பன் தாள் வைத்து, கோடுகளின் மேல் பேனாவை ஓட்டி உருவத்தைக் காகிதத்தில் இறக்கச் சொல்வார்கள். பிறகு எந்த இடத்தில் எந்த நிறம் என்று எண்ணிட்ட பட்டியல் வரும். அதன்படி நிரப்ப வேண்டும். கடைசி அரைமணி நேரத்தில், "கொஞ்சம் தள்ளிக்கோங்க ஆன்ட்டி, ஒரு டச்சப் மட்டும் கொடுத்துடறேன்" என்று அந்தப் பெண் தூரிகையை வாங்கி, நிழல்களை ஆழப்படுத்தி, இலை ஓரங்களில் வெளிச்சம் வைத்து, இருபது நிமிடத்தில் படத்தை வேறொன்றாக மாற்றிவிடுவாள். அதன் மூலையில் நான் கையெழுத்துப் போடுவேன். வீட்டில் எல்லாரும் பாராட்டுவார்கள். பாராட்டைக் கேட்கக் கேட்க, நான்தான் வரைந்தேன் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். என்னை ஏமாற்றியதில் எனக்கும் பங்கு உண்டு என்று இப்போது தோன்றுவது இதனால்தான்.

நவம்பரில் தொடர்ந்து மழை பெய்த ஒரு ஞாயிறு வகுப்பு இல்லை. சும்மா இருப்பானேன் என்று சாமி அறையிலிருந்த சொம்பை எடுத்து மேசையில் வைத்து, 2பி பென்சிலை எடுத்து அமர்ந்தேன். கார்பன் தாள் இல்லை, அச்செடுத்த படம் இல்லை. சொம்பின் வாய் வட்டமானது என்று மனத்துக்குத் தெரிந்திருந்ததால் கை வட்டம் போட்டது. ஆனால் நான் அமர்ந்திருந்த உயரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்ததோ தட்டையான ஒரு நீள்வட்டம். அடிப்பாகத்தை நேர்க்கோடாக இழுத்தேன். உண்மையில் அதுவும் வளைந்திருந்தது, வாயைவிடக் கூடுதலாகவே வளைந்திருந்தது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. ஒன்றரை மணி நேரம் அழித்து அழித்து எழுதிய பிறகு தாளில் இருந்ததைப் பார்த்து என் மகன் "பூசணிக்காயாம்மா?" என்று கேட்டான்.

அடுத்த வாரம் நிர்வாகியிடம் இதைச் சொன்னபோது, "பார்த்து வரையறதெல்லாம் அட்வான்ஸ் கோர்ஸ்ல வரும் மேடம், அதுக்குத் தனி ஃபீஸ்" என்றார். உண்மையில் வரிசை நேர்மாறானது. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை அளவுகோலாகப் பிடித்து உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிடுவது, கிண்ணம், செங்கல், வாழைப்பழம் போன்றவற்றைப் பலமுறை கோட்டில் எழுதுவது, ஒரே பென்சிலால் வெளுப்பிலிருந்து கறுப்புவரை நிழல் படிகளைப் போட்டுப் பழகுவது ஆகியவைதான் முதல் மாதங்களின் பாடம். நம் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில்கூட ஓவியப் பிரிவில் ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங் என்று தாள்கள் உண்டு. முன்னது கருவி எதுவும் இல்லாமல் வெறுங்கையால் வரைவது, பின்னது எதிரே வைத்த பொருளைப் பார்த்து வரைவது. பயிலகம் தருவதாகச் சொன்ன 'டிப்ளமா'வுக்கும் இந்தத் தேர்வுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதும், அது அவர்களே அச்சடித்த தாள் என்பதும் வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. வேலைக்கு உதவும் என்று நம்பி என்னோடு சேர்ந்த இரண்டு இளைஞர்களுக்கு அது பெரிய அடி.

பொருள் விற்பனை தனி வருமானம். வெளியிலிருந்து எதுவும் கொண்டுவரக் கூடாது என்று சொல்லி 4,800 ரூபாய்க்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். 'ஆர்ட்டிஸ்ட் கிரேடு' என்று ஒட்டியிருந்த நீர்வண்ணக் குழாய்களில் உற்பத்தியாளர் பெயரும் இல்லை, நிறமிக் குறியீடும் இல்லை. தரமான குழாயில் எந்த நிறமி என்பது அச்சிட்டிருக்கும். அல்ட்ராமரீன் நீலமென்றால் பிபி 29 என்று இருக்கும். '300 ஜிஎஸ்எம்' என்று விற்ற காகிதம் இரண்டாம் முறை ஈரத் தூரிகை பட்டதும் துணி போலத் திரிதிரியாய்ப் பிய்ந்து வந்தது. முந்நூறு என்பது ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்ற எடையை மட்டுமே சொல்லும், அது பருத்திக் காகிதமா மரக்கூழ்க் காகிதமா என்று தனியாகக் கேட்க வேண்டும் என்பதை நான் பாரிமுனையில் ஒரு எழுதுபொருள் கடைக்காரரிடம் கற்றுக்கொண்டேன். தொடக்கநிலைக்கு இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கேமல் குழாய்ப் பெட்டியும், பென்சிலுக்கு ஒரு சாதாரண கார்ட்ரிட்ஜ் (சற்றுத் தடித்த ஓவியக் காகித) நோட்டும் போதும் என்று சொல்லி, அதற்கு மேல் ஒன்றும் விற்காமல் அனுப்பினார் அந்தப் பெரியவர்.

நிறத்தின் யோக்கியதை மெல்லத்தான் வெளிப்பட்டது. நான்காம் மாதம் 'வரைந்த' காகிதப்பூக் கொடியை, 2,500 ரூபாய் தனிக் கட்டணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சிக்கு வைத்துத் திரும்ப வாங்கிவந்து கூடத்தில் மாட்டினோம். பிப்ரவரியில் பார்த்தால் பூக்கள் கழுவிவிட்டதுபோல் வெளுத்து, இலைகள் மட்டும் தங்கியிருந்தன. சன்னலுக்கு எதிரே மாட்டியது என் தவறுதான். நீர்வண்ணத்தை வெயில் படும்படி வைக்கக் கூடாது. ஆனால் நாலு மாதத்தில் வெளுக்கும் இளஞ்சிவப்பை ஓவியருக்கான நிறம் என்று விற்பது வேறு விஷயம். புதிதாக ஒரு பெட்டி வாங்கினால் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, சன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்துச் சில வாரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்ததில் பன்னிரண்டில் மூன்று நிறம் தேறவில்லை.

மீதி ஏழு மாதக் கட்டணத்தைக் கேட்டபோது ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள்: 'கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.' அந்த வரியைப் பார்த்தே பலர் பேசாமல் போய்விடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசி, அவர்கள் சொன்னபடி விளம்பரத் தாள், ரசீது, வகுப்பில் எடுத்த படங்கள் ஆகியவற்றின் நகலோடு ஒப்புகை அட்டை வைத்துப் பயிலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்பதையும், இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும் என்பதையும் அதில் எழுதியிருந்தேன். ஆறு வாரம் கழித்து 9,000 ரூபாய் வங்கியில் வந்து விழுந்தது. வரவேண்டியது இன்னும் ஐயாயிரம்.

அவர்கள் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடைக்கால வகுப்பு தொடங்குகிறார்கள். எங்கள் தெரு முனையில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியில், கண்காட்சியில் படம் பிடித்த அந்தக் காகிதப்பூக் கொடி என் கையெழுத்தோடு பளிச்சென்று இருக்கிறது. கீழே 'மாணவர் ஓவியம், நான்காம் மாதம்' என்று போட்டிருக்கிறார்கள். அதை எடுத்துவிடச் சொல்லி இரண்டாவது கடிதம் போட்டிருக்கிறேன்.