ட்ரா ரெய்னா, ஷோல்டர்-இன்னா?

முன்பாரமாக, அதாவது பாரத்தை முன்கால்களில் போட்டு ஓடும் குதிரையை, மேலே உட்கார்ந்த உடனே கண்டுகொள்ளலாம். லகானில் தொங்கும், வளைவில் தோள் வெளியே சரியும், நிறுத்தச் சொன்னால் இன்னும் நாலடி போய்த்தான் நிற்கும். பந்தயத்திலிருந்து சவாரிக்கு வந்த தரோபிரெட் இனக் குதிரைகளிடம் இது சர்வசாதாரணம். இதைத் திருத்த ட்ரா ரெய்ன் என்ற துணை வாரைப் போடு என்பார் ஒரு பயிற்சியாளர். தோளை உள்ளே கொண்டுவந்து நடத்தும் ஷோல்டர்-இன் பயிற்சி செய் என்பார் இன்னொருவர்.

நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்கால்கள்மேல்தான் இருக்கிறது. நாம் உட்கார்வதும் தோளுக்குச் சற்றுப் பின்னால் என்பதால் நம் பாரத்திலும் பெரும்பங்கு அங்கேயே இறங்குகிறது. ஆகவே எந்த முறையானாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பின்கால்கள் கூடுதலாகச் சுமக்கின்றனவா?

ட்ரா ரெய்ன் என்பது சேணத்தின் வயிற்றுவாரிலிருந்து கடிவாள வளையத்துக்குள் புகுந்து கைக்கு வரும் நீண்ட வார். கப்பியின் வேலைதான், கையின் இழுப்பு கடிவாளத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சில நிமிடங்களில் தலை இறங்கிவிடும், போட்டோவுக்கும் அழகு. ஆனால் கழுத்து நடுவில் மடிந்து மூக்கு உள்ளே போய்விட்டால் முதுகு இறுகும், பின்கால்கள் பின்தங்கும், பாரம் முன்னாலேயே கிடக்கும். வாரைக் கழற்றினால் பழைய கதை. குதிரையின் நடையையும் பணிவையும் மதிப்பிடும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் இதற்கு அனுமதியும் இல்லை. பலவந்தமாகக் கழுத்தைச் சுருட்டுவதை ஏற்க முடியாது என்று சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2010-இல் அறிவித்தது. கைதேர்ந்தவர்கள் சில நிமிடம் பயன்படுத்தினால் தப்பில்லை என்பார்கள். இருக்கலாம்; அத்தனை நல்ல கைக்கு அந்த வார் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

ஷோல்டர்-இன்னை நேர்கோட்டில் வகுத்துக் கொடுத்தவர் 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆசான் லா கெரினியேர். வியன்னாவின் ஸ்பானிய சவாரிப் பள்ளி இன்றும் அவர் வழியைத்தான் பிடித்திருக்கிறது. அவருக்கு முன்பே இங்கிலாந்தின் நியூகாசில் பிரபு வட்டத்தில் இதைப் போன்ற பயிற்சி செய்தார். வேடிக்கை என்னவென்றால், ட்ரா ரெய்னையும் அந்த நியூகாசில் பிரபுவின் பெயரில்தான் சொல்கிறார்கள்.

ஷோல்டர்-இன்னுக்கு, சவாரிக் களத்தின் மூலை திரும்பியதும் 10 மீட்டர் வட்டம் தொடங்குவதுபோல முன்னுடலைச் சுவரிலிருந்து உள்ளே கொண்டுவர வேண்டும். வட்டத்துக்குள் போய்விடாமல் வெளிலகான் பிடிக்கும், வயிற்றுவாரருகே நம் உள்கால் முன்னே தள்ளும். கோணம் சுமார் 30 பாகை. முன்னாலிருந்து பார்த்தால் நான்கு கால்களும் மூன்று தடங்களில் தெரியும். உட்பக்கப் பின்கால் வயிற்றுக்கடியில் எட்டி வைத்துப் பாரத்தை வாங்க, அந்தப் பக்க இடுப்பு தணியும். இங்கேதான் நடக்க வேண்டியது நடக்கிறது.

கெடுவதும் இங்கேதான். உள்லகானை இழுத்துக் கழுத்தை மட்டும் வளைத்தால் தோள் வெளியே நழுவும், பின்கால் எதையும் சுமக்காது. நம் உள்ளிடுப்பு மடிந்து உடல் வெளிப்பக்கம் சரிந்தாலும் அதே கதி. முதலில் நடையில் செய்யுங்கள். பிறகு ட்ராட்டில் (நடையைவிட வேகமான துள்ளோட்டத்தில்) சில எட்டுகள், உடனே நேராக முன்னே விடுங்கள். இடையில் உள்லகானை இரண்டு எட்டு தளர்த்திப் பாருங்கள். வளைவும் வேகமும் மாறாமல் இருந்தால் குதிரை தன்னைத் தானே சுமக்கிறது.

என் ஓட்டு ஷோல்டர்-இன்னுக்கே, பலன் வர மாதங்கள் ஆகுமென்றாலும். 20 மீட்டர் வட்டத்தையே சீராகச் சுற்றாத குதிரைக்கு மட்டும் அதற்குள் அவசரம் வேண்டாம். நடை-ட்ராட்-நடை மாற்றங்களே போதும். பல்லிலோ முதுகிலோ வலி இருந்தால், சேணம் பொருந்தாமல் உறுத்தினால், முதலில் அதைப் பாருங்கள். அதுவரை இரண்டுமே வேண்டாம்.