256 ஜிபியிலிருந்து 1 டிபிக்கு விண்டோஸ் 11: எந்த வழியில் மாற்றலாம்?

256 ஜிபி எஸ்எஸ்டியில் இருக்கும் விண்டோஸை 1 டிபி எஸ்எஸ்டிக்கு மாற்ற, பழையதில் இருப்பதை அப்படியே புதியதில் பதிய (குளோனிங்) எந்தக் குளோனிங் மென்பொருளாலும் முடியும். வேலை சிக்குவது இரண்டு இடங்களில்: டிரைவில் உள்ளதை என்கிரிப்ட் செய்யும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு, சி டிரைவுக்கு அடுத்தாற்போல் இருக்கும் ரெகவரி பார்ட்டிஷன் (விண்டோஸைப் பழுதுபார்க்கும் கருவிகள் உள்ள பகுதி). வழியைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சாம்சங், குரூஷியல், டபிள்யூடி டிரைவ் வாங்கியவர்களுக்கு அந்தந்தக் கம்பெனி மென்பொருளே சுலபம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நகலெடுக்கும். ஆனால் அந்தக் கம்பெனியின் டிரைவ் இணைந்திருந்தால்தான் வேலை செய்யும். பழைய வீடியோக்களில் பரிந்துரைக்கப்படும் மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்புக்கு 2024 ஜனவரி 1-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. இனி அதை நம்ப வேண்டாம்.

எந்த பிராண்டுக்கும் பொருந்தும் இலவச வழி குளோன்ஸில்லா. பென்டிரைவிலிருந்து பூட் ஆகும். 256 ஜிபியில் 120 ஜிபி மட்டும் நிரம்பியிருந்தால் அந்த 120-ஐ மட்டுமே நகலெடுக்கும். பிட்லாக்கர் ஆனில் இருந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது, அதனால் எல்லா செக்டரையும் எடுக்கும். சஸ்பெண்ட் செய்வது போதாது, தரவு பூட்டியபடியேதான் இருக்கும். முழுவதும் ஆஃப் செய்து, டிகிரிப்ஷன் முடியும்வரை காத்திருங்கள். பிறகு ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். இல்லாவிட்டால், விண்டோஸை முழுதாக மூடாமல் வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக, என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) உறக்கநிலையில் இருக்கிறதென்று சொல்லிக் குளோன்ஸில்லா நின்றுவிடும். மூலம் எது, இலக்கு எது என்பதை மாடல் பெயரையும் கொள்ளளவையும் பார்த்து உறுதிசெய்யுங்கள். மாறிப்போனால் இருக்கும் விண்டோஸும் போய்விடும்.

நகல் முடிந்த பிறகும் சி டிரைவ் பழைய அளவிலேயே நிற்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகத் தெரியும். காலி இடம் சி-க்கு உடனடி வலப்பக்கத்தில் இருந்தால்தான் விண்டோஸ் விரிக்கும், நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் மறிக்கிறது. அட்மின் கமாண்ட் பிராம்ட்டில் ரீஏஜென்ட்சி கட்டளையால் (reagentc /disable) ரெகவரியை டிசேபிள் செய்யுங்கள். பார்ட்டிஷன்களை மாற்றியமைக்கும் இலவசக் கருவியான ஜிபார்ட்டெட் லைவ் பென்டிரைவில் பூட் செய்து அந்தப் பார்ட்டிஷனை டிரைவின் கடைசிக்கு நகர்த்தி, சி-யை விரியுங்கள். விண்டோஸுக்குத் திரும்பி வந்து எனேபிள் (reagentc /enable) கொடுங்கள்.

லினக்ஸில் டிடி கட்டளை? காலி இடத்தையும் சேர்த்து நகலெடுக்கும். விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் 256 ஜிபிக்கு 43 நிமிடம். டிரைவின் கடைசியில் இருக்க வேண்டிய ஜிபிடி (பார்ட்டிஷன் அட்டவணை) பிரதி நடுவிலேயே தங்கிவிடும், அதைச் சரிசெய்யும் வேலையும் சேரும். நல்ல டிரைவுக்கு இதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை. பழுதாகிக்கொண்டிருக்கும் டிரைவிலும் முதல் பிழையிலேயே நின்றுவிடும், அங்கே தேவை பிழைகளைத் தாண்டி நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ.

நிறைய மென்பொருள் இல்லாதவர்கள் புதிதாக இன்ஸ்டால் செய்துவிடலாம். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்திருப்பதால் அதே எடிஷன் தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

குளோன் செய்தவர்கள் முதல்முறை பூட் செய்யும் முன் பழைய டிரைவைக் கழற்றிவிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடையாளம் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கும், அல்லது பழையதிலிருந்தே பூட் ஆகும். சாட்டா வகை டிரைவிலிருந்து என்விஎம்இ வகைக்கு (இரண்டும் எஸ்எஸ்டி இணைப்பு முறைகள்) மாறியதால் இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ் என்று நீலத்திரை வந்தால், ஒருமுறை சேஃப் மோடில் பூட் செய்யுங்கள். டிரைவர் ஏறிக்கொண்டால் அடுத்த பூட் வழக்கம்போல் நடக்கும்.