மொறிஸ் மைனர் 1000: நல்ல எஞ்சினும் ஒரு பொல்லாத ஹோஸும்

கிளிநொச்சியில் விலைக்கு வந்திருக்கும் மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் கார் ஒன்றை வாங்கலாமா என்று மச்சான் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி போன மாதம் வந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். இப்போது, வீட்டு மாமரத்தின் கீழ் என் சொந்த மைனருக்குப் பைபாஸ் ஹோஸ் மாற்றி முடித்த கையோடு எழுதுகிறேன்.

வோட்டர் பம்புக்கும் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டின் முன்முனைக்கும் நடுவே நிற்கும், விரல் நீளம்கூட இல்லாத இறப்பர்க் குழாய் அது. நீர் சூடானதும் திறக்கும் கதவு போன்ற தேர்மோஸ்டாற் மூடியிருக்கும்போது நீர் றேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவர அது வழிவிடுகிறது. நோக்கம் நியாயமானதுதான். ஆனால் சொற்ப விலைக்கு வாங்கும் அந்த இறப்பரை முறையாக மாற்றுவதற்கு றேடியேற்றர், விசிறி, பம்பு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், அல்லது ஹெட்டையே தூக்க வேண்டும் என்று அமைத்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. மடிப்பு மடிப்பான ஹோஸ் ஒன்று கிடைக்கிறது; எதையும் கழற்றாமல் அமுக்கி நுழைத்துவிடலாம், ஆனால் மடிப்புகளில் விரைவில் வெடித்துவிடும்.

இந்த வேலைக்குச் சலித்தவர்களின் தவறுகளை என் எஞ்சினுக்குள்ளேயே படித்தேன். முன்பு கைவைத்த யாரோ ஹோஸை எடுத்துவிட்டு வழியை அடைத்திருந்தார், தேர்மோஸ்டாற்றை மட்டும் அப்படியே விட்டிருந்தார். எஞ்சின் சூடாகும் வரை நீர் சுற்ற வழியில்லை. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் புகை வெளியேற ஒரே வாயிலைப் பகிர்வதால் ஹெட்டில் மிகவும் கொதிக்கும் இடம் அதுதான்; ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளொக்குக்கும் நடுவே இறுக்கியிருக்கும் தகடான கஸ்கற் எரிந்திருந்ததும் அவ்விரண்டுக்கும் நடுவேதான். இங்குள்ள வெயிலுக்குத் தேர்மோஸ்டாற் எதற்கு என்று அதைக் கழற்றி எறிபவர்களும் உண்டு. அப்போது நீரின் ஒரு பங்கு றேடியேற்றரைத் தொடாமல் பைபாஸ் வழியாகவே திரும்பிவிடும். இரண்டும் இருக்க வேண்டியவை என்பதை அந்த எரிந்த கஸ்கற்றைக் கையில் எடுத்தபோதுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன்.

எங்கள் குழாய்க்கிணற்று நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேத்தலில் வெள்ளையாகப் படிவது எஞ்சினுக்குள்ளும் படியும். மாரியில் கூரையிலிருந்து சேர்த்த மழைநீரையே நான் ஊற்றுகிறேன்.

மற்றபடி இந்த 1098 சிசி எஞ்சினில் குறை சொல்ல மனம் வரவில்லை. 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரில் 803 சிசியாகத் தொடங்கிய அதே எஞ்சின் குடும்பம் இது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சிறிது பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் இப்படியான கார்களை ஓட்டியதை வன்னியில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்தும் அவை நோயாளிகளையும் மூட்டைகளையும் சுமந்தன. வோல்வ் இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்காக வீட்டிலேயே சரிசெய்யலாம். ஸ்பானரும் பொறுமையும் உள்ள எவருக்கும் இது திறந்து காட்டும் எஞ்சின்.

இருந்தும் மச்சானுக்கு என் பதில், “வாங்க வேண்டாம்” என்பதே. அதையும் மீறி வாங்குவதானால், எஞ்சின் ஆறியிருக்கும்போது பிளொக்கின் பின்பக்கத்தில் உள்ள நீர் வடிக்கும் திருகைத் திறந்து பாருங்கள். நீர் வராவிட்டால் கம்பியால் குத்துங்கள். அப்போதும் வராவிட்டால் நாலாம் சிலிண்டரைச் சுற்றிச் சேறும் சுண்ணாம்பும் இறுகிக் கிடக்கின்றன. அந்தக் காருக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.