ஓடிடியில் சில வருடங்கள்: படத்தைவிட சத்தம்தான் முக்கியம்

கொரோனா முடக்கத்தில் எடுத்த ஓடிடி சந்தா இன்னும் ஓடுகிறது. யாழ்ப்பாணத்தில் படமாளிகைப் பக்கம் போவதே குறைந்து, இப்போது அநேகமாக எல்லாப் படமும் வீட்டு ரிவியில்தான். எனக்குப் பிடிபட்டது ஒன்று: படம் கொஞ்சம் மங்கினாலும் கதை விளங்கும், சத்தம் கெட்டால் விளங்காது.

"தம்பி, அவன் என்னவாம் சொன்னவன்?" அம்மா இதைக் கேட்காத படமில்லை. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த சண்டையில் வீடே அதிரும். 5.1 ஒலித்தடத்தில் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பாஸ் ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கலந்த சத்தம்) பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வருவது. ரிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கும்போது இசை பேச்சை அமுக்கிவிடுகிறது. ஆடியோவை இரண்டு ஸ்பீக்கருக்கென்றே கலந்த ஸ்டீரியோவுக்கு மாற்றினேன், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிக்கு ரிவியின் நைட் மோடைப் போட்டேன். பேச்சு பளிச்சென்று கேட்டது, ஆனால் வேறொன்று போய்விட்டது. ஒரு படத்தில் மகள் வீட்டை விட்டுப் போகப்போவதாகச் சொல்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா "சரி" என்கிறார், அவ்வளவுதான். நைட் மோட் பெரிய சத்தத்தைக் குறைத்து சின்னதைக் கூட்டுவதால், அந்தச் "சரி" அதற்கு முந்தைய சண்டைக்குச் சமமாக ஒலித்தது. எனக்கு அது கோபமாகப் பட்டது. ஹெட்போனில் திரும்பப் பார்த்தேன். மின்விசிறி கிறீச்சிடுகிறது, விரல்கள் சோற்றில் நின்றுவிடுகின்றன, பிறகுதான் அந்தச் சொல், காற்றுமாதிரி. மனுசன் உடைந்துபோயிருக்கிறார். அதே முகம், அதே வசனம்!

வசனமே இல்லாத 'பேசும் படம்' (1987) ஓடியபோது அம்மா ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

டப்பிங்கை நான் விட்டுவிட்டேன். நடிகரின் மூச்சும் இழுவையும் அதில் போய்விடும். சப்டைட்டில் பரவாயில்லை, ஆனால் நடிகர் தயங்கி நிற்கும்போதே முழு வசனத்தையும் எழுதிக் காட்டிவிடும். தயக்கத்துக்கு அப்புறம் என்ன வேலை?

படத்தைப் பொறுத்தவரை இரண்டே விஷயம். மோஷன் ஸ்மூதிங்கை முதல் வேலையாக நிறுத்துங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை ரிவி தன்பாட்டில் இடையிடையே புது ஃபிரேம்களை நிரப்பி சீரியல் மாதிரி ஆக்கிவிடும். அடுத்தது இருட்டு. மாலையில் இணையம் மெதுவாகும்போது தரம் தானாக இறங்கி, நிழல்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. பாலு மகேந்திரா மாதிரி இயற்கை வெளிச்சத்தில் எடுப்பவர்களின் படங்களை இரவு பிந்தித்தான் போடுவேன்.

சந்தாவைத் தொடர்கிறேன். ஒரே எரிச்சல், கடைசிக் காட்சியின் இசை முடியும் முன்னே திரையைச் சுருக்கி அடுத்த படத்தை நீட்டுவது.