மல்லச்சந்திரமா, மயிலாடும்பாறையா, தீர்த்தமலையா, மேலகிரியா?

ஆந்திரத்துப் பெலும், போரா குகைகள் மாதிரி பூமிக்கடியில் நீண்டுகொண்டே போகும் சுண்ணாம்புக் குகையை எதிர்பார்த்து தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வந்தால் ஏமாற்றம்தான். இங்கே இருப்பது பழைய கெட்டிப் பாறை. சுண்ணாம்புக்கல் போல மழைத்தண்ணீரில் கரையாது. வெயிலும் குளிரும் பட்டுப் பலகை பலகையாக உரியும், வெடிக்கும். பெரிய பெரிய குண்டுக்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். அந்த இடுக்குகளும், துருத்தி நிற்கும் பாறைக்கு அடியில் விழும் நிழலும்தான் நம் பக்கத்துக் குகை. ஐந்தாறு பேர் உட்காரலாம், மழைக்கு ஒதுங்கலாம். ஆழம் இவ்வளவுதான். ஆனால் ஒதுங்கியவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒதுங்கியிருக்கிறார்கள். சிலர் சுவரில் படம் போட்டுவிட்டும் போயிருக்கிறார்கள்.

அதனால் எந்த இடம் அழகு என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். எந்த இடம் போனவுடன் கண்ணுக்குப் பிடிபடும், எதற்குக் கொஞ்சம் விஷயம் தெரிந்துகொண்டு போக வேண்டும், எதற்கு உள்ளூர் ஆள் துணை இல்லாமல் போகவே கூடாது என்று கேட்டால் சொல்லலாம். இந்த அலசலும் அந்தக் கணக்கில்தான்.

முதல் தடவை வருபவர்களுக்கு நான் சொல்வது மல்லச்சந்திரம். கிருஷ்ணகிரி – ஓசூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போக வேண்டும். ஊரை ஒட்டி மோரல் பாறை என்று ஒரு மொட்டைக் கரடு. அதன் மேல் கல்திட்டைகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. ஊர்க்காரர்களுக்கு இவை பாண்டவர் வீடு. பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய ஈமச் சின்னங்கள் என்கிறார்கள் தொல்லியல் அறிஞர்கள். நான்கு பக்கமும் பலகைக்கல்லை நிறுத்தி, மேலே ஒரே ஒரு பெரிய மூடுகல். கிழக்குப் பலகையில் வட்டமாக ஒரு துளை. சுற்றிலும் வளையமாகப் பலகைக்கற்கள், அதில் ஒன்றுக்குத் தலை வளைவாக, அடுத்ததற்குத் தலை தட்டையாக. இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பத்து வயதுப் பையன்கூட நின்று பார்ப்பான்.

அந்தத் துளையருகே குனிந்து பாருங்கள். விளிம்பு கரடுமுரடாக இருக்காது, கையால் தடவினால் தெரியும். இரும்பு உளி பார்த்த வேலை அது. உள்ளே கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். பழகியதும் சிலவற்றின் உள்சுவரில் வெள்ளைக் கோட்டில் ஓவியம் தெரியும். மூடுகல்லைக் கீழிருந்து பார்க்கும்போது எத்தனை பேர் சேர்ந்து இதைத் தூக்கி வைத்திருப்பார்கள் என்ற கேள்வி தானாக வரும். கல் வெளியூரிலிருந்து வந்ததல்ல. காலுக்குக் கீழே உரிந்து கிடக்கும் அதே பாறைதான்.

குறை என்றால் நிழல் இல்லை. பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். காலை ஏழுக்குள் மேலே இருப்பது நல்லது. தண்ணீரைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். இன்னொரு குறை மனிதர்கள் செய்தது. புதையல் ஆசையில் பலகைகளைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள், சிலர் பெயர் கிறுக்கியிருக்கிறார்கள். ஒரு பலகை சாய்ந்துவிட்டால் அதை நிமிர்த்தி வைக்கத் தெரிந்தவர் இன்று யாரும் இல்லை. தயவுசெய்து மூடுகல் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள்.

இதற்கு நேர் எதிர் மயிலாடும்பாறை. பர்கூர் வட்டத்தில், தொகரப்பள்ளிப் பக்கம் இருக்கிறது. பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை இரும்பின் காலக்கணிப்பு இன்னும் பின்னால் போனதும் பேச்சு தெற்கே நகர்ந்துவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டு இரும்பின் வயதைப் பற்றி எல்லோரையும் பேச வைத்தது இந்த ஊர்தான். மலையில் பாறை ஒதுங்கிடங்கள், ஓவியங்கள், கற்கோடாரியைத் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கிய வழுவழுப்பான குழிகள், அடிவாரத்தில் ஈமச் சின்னங்கள் எல்லாம் உண்டு.

விஷயத்தில் மல்லச்சந்திரத்தை விடப் பெரிய இடம். பார்வைக்கு அப்படி இல்லை. தெரியாமல் போனால் முள்ளும் புதரும் பாறையுமாக ஒரு சாதாரணக் கரடுதான் தெரியும். அகழ்வாய்வுக் குழிகளை வேலை முடிந்ததும் மூடிவிடுவது வழக்கம், அதனால் குழியையும் பார்க்க முடியாது. தேய்ப்புக் குழியைத் தாண்டிக் கால் வைத்து நடந்து போய்விடுவீர்கள். யாராவது விரலால் தொட்டுக் காட்டினால்தான் ‘அட, இதுவா’ என்று தோன்றும். பர்கூர் அருகே மல்லப்பாடியும் இதே கதைதான். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. வி. இராமன் கண்டறிந்த ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. குதிரை மேல் அமர்ந்து ஆயுதத்தோடு மோதிக்கொள்ளும் இரண்டு வீரர்கள், வெள்ளை வண்ணத்தில். உள்ளங்கை, முழங்கை அளவுக்குத்தான் இதுபோன்ற படங்கள் இருக்கும். வெயில் நேராக விழும் நேரத்தில் பாறையின் வெளுப்போடு கலந்துவிடும். சாய்ந்த வெயிலில்தான் கோடு எழும்பி வரும். படம் தெளிவாகத் தெரியட்டும் என்று சிலர் தண்ணீர் தெளிக்கிறார்கள், சாக்பீஸால் கோட்டின் மேல் வரைகிறார்கள். அதைச் செய்தால் அந்த ஓவியம் போய்விட்டது என்றே அர்த்தம்.

ஆக, வரலாற்றில் ஆர்வம் உள்ளவர், ஆசிரியர், கல்லூரி மாணவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மயிலாடும்பாறை. போவதற்கு முன் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டால் மலையில் பார்ப்பது இரட்டிப்பாகும். குழந்தைகளோடு, கையில் அரை நாள் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இது வேண்டாம்.

தீர்த்தமலை வேறு ரகம். அரூரிலிருந்து 16 கிலோமீட்டர். அடிவாரத்தில் ஒரு கோயில், மலை மேல் தீர்த்தகிரீசுவரர் கோயில். மேல் கோயிலை ஒட்டிச் செங்குத்துப் பாறை. அதன் வெடிப்பிலிருந்து ராமர் தீர்த்தம் உயரத்திலிருந்து தலையில் விழுகிறது. எந்தக் கோடையிலும் நின்றதில்லை என்று ஊரில் சொல்வார்கள். மலை வாங்கிவைத்த மழை பாறை இடுக்கில் மெதுவாக இறங்கி இங்கே கசிகிறது என்று அறிவியல் சொல்லும். பூசைக்குத் தண்ணீர் வேண்டி ராமர் பாணம் விட்ட இடம் என்று தலபுராணம் சொல்லும். அருணகிரிநாதர் இந்த மலையைப் பாடியிருக்கிறார். குமார, கௌரி, அகத்தியர், அக்னி தீர்த்தங்களும் மேலே உண்டு. அனுமன் தீர்த்தம் மட்டும் தள்ளி, தென்பெண்ணைக் கரையில்.

வசதியில் இதற்கு முதல் இடம். படி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, வழி தவற முடியாது. கோயிலுக்கும் போனது போல ஆச்சு, மலையும் ஏறியது போல ஆச்சு என்று வீட்டுப் பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களை மேலே அழைத்துப் போக வேண்டாம், ஏற்றம் லேசானதல்ல. மாசித் தேர்த் திருவிழாச் சமயத்தில் மலையைப் பார்க்க முடியாது, மனிதத் தலைகளைத்தான் பார்க்கலாம். குரங்குகள் கையிலிருக்கும் பையைப் பறித்துவிடும். தனிமை தேடுபவர் வாரநாளில் விடியற்காலையில் போக வேண்டும்.

வத்தல்மலையையும் சித்தேரியையும் ஒரே தட்டில் வைத்துச் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வத்தல்மலை தர்மபுரிக்குப் பக்கம். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, பெரியூர், பால்சிலம்பு என்று சின்னச் சின்ன ஊர்கள். காற்று குளிர்ச்சியாக இருக்கும், வழியெல்லாம் நின்று பார்க்கலாம். பைக்கில் போய் மதியத்துக்குள் திரும்புபவர்களுக்கு ஏற்றது. அவ்வளவுதான்.

சித்தேரி அரூர்ப் பக்கத்துப் பெரிய மலை. சாமை விளையும் காடுகள், மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள், நாள் முழுக்க நடந்தாலும் தீராத பள்ளத்தாக்குகள். அடிவாரத்தில்தான் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி அரசுத் துறையினர் அந்த ஊரில் செய்த கொடுமைக்கு 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் தண்டனை அளித்தது, 2023-ல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. சித்தேரி போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த மக்களிடம் கேட்காமல் வீட்டு முற்றத்தில் நின்று படம் எடுப்பது, தோட்டத்தில் புகுவது எல்லாம் வேண்டாம். கேட்டால் வழியும் சொல்வார்கள், குடிக்கத் தண்ணீரும் தருவார்கள். இரண்டில் எனக்குச் சித்தேரிதான் பிடிக்கும். ஆனால் அதற்கு அவசரம் ஆகாது.

கடைசியாக, காடு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, உரிகம் என்று காவிரி வரை இறங்கும் மேலகிரி மலைத்தொடர். 2014-ல் 504 சதுர கிலோமீட்டர் பரப்பு காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயம் ஆனது. 2022-ல் 686 சதுர கிலோமீட்டரோடு காவிரி தெற்குச் சரணாலயம் அதோடு சேர்ந்தது. அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். யானை, சிறுத்தை, ஆற்றோரம் நீர்நாய், முதலை, மருத மரங்களில் நரை அணில். இந்த இரண்டு மாவட்டத்தின் உண்மையான செல்வம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரு நாள் சுற்றுலாவுக்கு இதை நான் கடைசியில்தான் வைப்பேன். காரணம் பருவம். வெயில் தாழ்ந்து, மலை பச்சையாகி, நடக்கச் சுகமாக இருப்பது ஐப்பசியிலிருந்து தை வரை. கேழ்வரகு கதிர் முற்றுவதும் அப்போதுதான். பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கி, ஓசூர் பக்கம் சானமாவு வரைக்கும் வருவதும் அதே மாதங்கள். இரவெல்லாம் பரண் மேல் கண்விழித்த விவசாயி காலையில் உங்களைப் பார்த்து, “தம்பி, ஆனை அந்தப் பக்கம் நிக்குது, இப்பிடியே திரும்பிடுங்க” என்றால் பேச்சில்லாமல் திரும்ப வேண்டும். எத்தனை யானை என்று எட்டிப் பார்க்கப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. வெளியாள் போட்ட கூச்சலில் யானை மிரண்டு ஓடினால், மிதிபடுவது இன்னொருவரின் வயல். சானமாவில் யானை முகாமிட்டிருக்கும்போது மல்லச்சந்திரம் போகிறவர்களும் ஊரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கரட்டில் ஏற வேண்டும்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நடப்பது சட்டப்படி குற்றம். முறையாகப் போக வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 தடங்களில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் அய்யூர் – சாமி ஏரித் தடமும் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். காட்டுத்தீக் காலத்தில் தடம் மூடியிருக்கும், பார்த்துப் பதிவு செய்யுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு அஞ்செட்டி – நாட்றாம்பாளையம் – ஒகேனக்கல் சாலையே போதும். பகல் வெளிச்சத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாகப் போனால் காடு என்றால் என்ன என்று தெரியும்.

பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலையையும் சிலர் கேட்கிறார்கள். தேர்தலுக்குக் கழுதை மேல் வாக்குப்பதிவு இயந்திரம் ஏற்றிப் போகும் படம் பத்திரிகைகளில் வருமே, அந்த மலை. அங்குள்ளவர்கள் சாலை கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள். வேடிக்கை பார்க்க மட்டும் அங்கே போக எனக்கு மனம் வரவில்லை.

ஒரே நாளில் இரண்டு இடம் என்று திட்டமிடுபவர்களுக்கு: மல்லச்சந்திரத்தைக் காலையில் முடித்துவிட்டு, மாலையில் ராயக்கோட்டைக் கோட்டையில் ஏறலாம். 1791-ல் திப்புவின் படையிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. நடுவில் மதியச் சாப்பாட்டுக்குக் களியும் கீரைக் கடைசலும் கிடைக்கிற மெஸ் ஏதாவது தேடிக்கொள்ளுங்கள். மயிலாடும்பாறையும் மல்லப்பாடியும் ஒரே வட்டாரம், ஆனால் இரண்டுக்கும் சாய்வெயில் வேண்டும் என்பதால் ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் வையுங்கள். தீர்த்தமலையையும் சித்தேரியையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம், அரூரில் இரவு தங்கிவிடுங்கள். மேலகிரிக்கு மட்டும் இன்னொரு நாளை முழுசாக ஒதுக்குங்கள்.