நாக்கு நுனியில் ஒரு காகிதத் துண்டு

ஒன்றரை வருடமாக எனக்கு நாக்கு நுனியும் உதடும் எரிகிறது. கொதிக்கிற காபியில் நாக்கைச் சுட்டுக்கொண்டால் எப்படி இருக்கும், அதே எரிச்சல். காலையில் சும்மா இருக்கும், பொழுது சாயச் சாய ஏறும். வாயில் எந்நேரமும் செப்புக்காசை அடக்கி வைத்திருப்பதுபோல ஒரு ருசி வேறு. போன இரண்டு இடங்களிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "புண்ணே இல்லையேம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மூன்றாவதாகப் போனது ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் வாய் நோய்களைப் பார்க்கும் ஓரல் மெடிசின் பிரிவு. சர்க்கரை, இரும்புச்சத்து, பி12, தைராய்டு, பூஞ்சை எல்லாம் பார்த்தார்கள். எதிலும் குறையில்லை. அப்புறம்தான் அந்த ருசிப் பரிசோதனை.

என் மகள் வயது டாக்டர். நாக்கை நீட்டச் சொல்லி, கசப்பு நனைத்த சின்னக் காகிதத் துண்டை நுனியில் வைத்தார். நாக்கை இழுக்காமல், என்ன ருசி என்று அட்டையில் விரலால் காட்ட வேண்டும். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வாயை மூடியதும் தொண்டைப் பக்கம் வேப்பங்கொழுந்து மென்றதுபோலக் கசந்தது!

"முன்நாக்கின் ருசியைக் கொண்டுபோகும் நரம்பு கார்டா டிம்பனி. காதுக்குள் செவிப்பறையை ஒட்டிப் போகும். பின்நாக்குக்கு வேறு நரம்பும்மா, அதனால்தான் அங்கே கசந்தது" என்றார். முன்நாக்கின் சூடும் வலியும் மிளகாய்க் காரமும் போவது ட்ரைஜெமினல் என்கிற முக நரம்பு வழியாக. ருசி நரம்பு அந்த வலி நரம்பை அடக்கி வைத்திருக்குமாம். ருசி நரம்பு தளர்ந்தால் வலி நரம்பு கட்டுக்கடங்காமல் போகிறது என்பது ஒரு விளக்கம். எல்லாருக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் இந்த வாய் எரிச்சல் அதிகம் வருகிறதாம். சாப்பிடும்போது எரிச்சல் குறைகிறது என்றேன். சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். எனக்கு அதுவே பெரிது.

குளோனசெபம் என்கிற, நரம்பைத் தணிக்கும் மாத்திரையை மூன்று நிமிடம் வாயில் கரைய விட்டுத் துப்பச் சொன்னார். பழக்கமாகக்கூடிய மருந்து, நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஆறு வாரத்தில் எனக்கு எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது. செப்பு ருசி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

குறை என்றால் காத்திருப்பு. மூன்று மணி நேரம், உட்கார நாற்காலியும் போதாது. பரிசோதனை முடிந்து வாய் கொப்பளிக்க அடுத்த கட்டடத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. உங்கள் ஊர்ப் பல் மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் பிரிவு இருக்கும். சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்குங்கள், கையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும்.