தொப்புளைத் தள்ளி வைத்துவிட்டு "இயற்கை" என்கிறார்கள்: டம்மி டக் செய்யப் போகிறவர்கள் கவனத்துக்கு

கடலூர், பாண்டிச்சேரி பக்கம் டம்மி டக் (tummy tuck, தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி எடுத்து வயிற்றைத் தட்டையாக்கும் அறுவை) பற்றி விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பாண்டிச்சேரியில் ஒரு தனியார் அழகு சிகிச்சை மையத்தில் செய்துகொண்டேன். வயிறு தட்டையாகிவிட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொப்புள் நடுவில் இல்லை. இடது பக்கம் தள்ளி, சாய்வாக, மேலே ஒரு மடிப்போடு உட்கார்ந்திருக்கிறது. அடிவயிற்றுத் தழும்பும் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி ஓடுகிறது. அதைவிட எரிச்சல், கேட்டபோது சொன்ன பதில்களும் கையில் கொடுத்த காகிதங்களும். மையத்தின் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது, பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இன்பாக்ஸில் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன், மன்னிக்கவும்.

"இதெல்லாம் தேவையா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். இரண்டு சிசேரியன். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப் பட்டைகள் கர்ப்பத்தில் விலகி, பிறகு சேரவே இல்லை. டயஸ்டாசிஸ் என்பார்கள். படுத்துக்கொண்டு தலையைத் தூக்கினால் நடுவில் மேடு கிளம்பும். உடற்பயிற்சியில் சிலருக்குக் குறையும், எனக்குக் குறையவில்லை. அதற்கு மேல் விளக்கம் தர வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

தொப்புளுக்கும் இந்த அறுவைக்கும் என்ன சம்பந்தம் என்று பணம் கட்டும் முன் யாரும் சொல்லவில்லை. இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடிவயிற்றில் வெட்டி, தோலையும் கொழுப்பையும் சேர்த்து விலா எலும்பு வரை கிளப்புகிறார்கள். தொப்புளைச் சுற்றி வெட்டி, அதை மட்டும் அதன் தண்டோடு வயிற்றுச் சுவரிலேயே விட்டுவிடுகிறார்கள். விலகிய தசைகளை நடுவில் இழுத்துத் தைக்கிறார்கள். கிளப்பிய தோலைக் கீழே இழுத்து, மிச்சத்தை வெட்டி எறிகிறார்கள். இப்போது தொப்புள் புதுத்தோலுக்கு அடியில் மறைந்திருக்கும். அது இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஒரு ஓட்டை போட்டு, வெளியே எடுத்துச் சுற்றிலும் தைக்க வேண்டும். அந்த ஓட்டை எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோலை ஒரு பக்கம் கூடுதலாக இழுத்தாலும் சரி, தசைத் தையல் ஒரு பக்கம் அதிகம் பிடித்தாலும் சரி, நடுக்கோடு நகர்ந்துவிடும். தொப்புள் தழும்பு சுருங்கி வாய் குறுகிப்போவதும் உண்டு.

அதனால்தான் மயக்க மருந்துக்கு முன்பே, ஆளை நிற்க வைத்து மார்க்கர் பேனாவால் கோடு போடுவார்கள். கழுத்துக்குழியிலிருந்து அடிவயிற்று எலும்பின் நடு வரை ஒரு கோடு, இரண்டு இடுப்பெலும்பு முனைகள், வெட்டு வர வேண்டிய இடம். படுத்தால் தொங்கும் தோல் பக்கவாட்டில் சரிந்துவிடும், கணக்கு மாறும்.

எனக்கு அன்று நடந்தது இது. கன்சல்டேஷனில் உட்கார்ந்து பேசிய பெரிய டாக்டர் வரவே இல்லை. தியேட்டர் மேஜையில் படுக்க வைத்து, கையில் ஊசி ஏற்றியாகிவிட்டது. இளவயது டாக்டர் ஒருவர் மார்க்கரைத் திறந்தார். "எழுந்து நிற்கட்டுமா சார்?" என்று கேட்டேன். வேறு எங்கோ பார்த்த வீடியோவில் அப்படி இருந்தது. "வேணாம்மா, படுத்தபடியே போட்டுக்கலாம், சார் வந்து பார்த்துப்பார்" என்றார். பேனா மை சரியாக வரவில்லை, இரண்டு தடவை உதறினார். பச்சைத் துணிக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது, கோடு பழைய சிசேரியன் தழும்பின் நடுவைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. என் சிசேரியன் தழும்பே நடுவில் இல்லை, இடப்பக்கம் நீளம். அப்புறம் தூக்கம் வந்துவிட்டது.

முதலில் பார்த்தது என் அம்மா. அறுவை செய்த இடத்தில் சேரும் நீரை வடிக்க வைத்திருந்த டிரெயின் குழாயை எடுத்து, இடுப்புப் பெல்ட்டைக் கழற்றிக் குளிக்கலாம் என்று சொன்ன நாள். கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக் குளியலறையில் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர், சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "என்னடி இது, தொப்புள் ஒரு பக்கமா போயிருக்கு?" என்றார். "வீக்கம்மா அது" என்றேன். அம்மா பதில் பேசவில்லை. உள்ளே போய், அறுவைக்கு முன்பு ஜாக்கெட் அளவுக்காக என் நாத்தனார் எடுத்து வைத்திருந்த போட்டோவை போனில் தேடிக் கொண்டுவந்து காட்டினார். அந்தப் போட்டோதான் இன்று என் கையில் உள்ள ஒரே 'முன்' படம். மையத்தில் எடுத்த படங்கள் "சிஸ்டத்தில் இல்லை".

அதற்கப்புறம் பஸ் ஏறி ஏறிப் போனதுதான். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு. முதலில், "வீக்கம் வடிஞ்சா நடுவுக்கு வந்துடும் மேடம்." வீக்கம் வடிய மாதக்கணக்கில் ஆகும் என்பது உண்மை, அதனால் காத்திருந்தேன். வடிந்தது. வயிறு இறங்கியது, தொப்புள் அங்கேயேதான் இருந்தது. அடுத்து, "பெல்ட்டைச் சரியா போடலை." அடுத்து, "யாருக்குமே தொப்புள் நடுவுல இருக்காது மேடம், அது இயற்கை." கடைசியாக ரிசப்ஷனில் இருந்த கோஆர்டினேட்டர் பெண், அன்பாகத்தான் கேட்டார்: "புடவைதானே கட்டுறீங்க, யார் பார்க்கப் போறாங்க?" ஒன்றே முக்கால் லட்சம் வாங்கும்போது இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவில்லை.

"இயற்கை" என்ற பதிலில் பாதி உண்மை இருப்பதால் அதை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். சென்னையில் வேறொரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் இரண்டாவது கருத்துக்குப் போனேன். அவர் இன்ச் டேப்பையும் ஒரு தையல் நூலையும் எடுத்தார். நிற்க வைத்து, கழுத்துக்குழியில் நூலின் ஒரு நுனி, அடிவயிற்று எலும்பின் நடுவில் மறு நுனி. நூல் தொப்புளைத் தொடவே இல்லை, வலது ஓரத்தை விட்டு விலகிப் போனது. பிறகு இரண்டு இடுப்பெலும்பு முனைகளிலிருந்தும் தொப்புள் வரை அளந்தார். பிறவியிலேயே பெரும்பாலானவர்களுக்குத் தொப்புள் மிகச்சரியாக நடுவில் இருப்பதில்லை என்றார். சில மில்லிமீட்டர் விலகல் சாதாரணம். முதுகுத்தண்டு வளைவு இருந்தால் இன்னும் கூடும். ஆனால் அது அறுவைக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், போட்டோவில் தெரிந்திருக்க வேண்டும், நல்ல சர்ஜன் அதை முன்கூட்டியே காட்டிச் சொல்லியிருப்பார். என் நாத்தனாரின் போட்டோவில் அப்படி எதுவும் இல்லை. இப்போது விலகல் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்.

சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். விலகல் கொஞ்சமாக இருந்தால் தொப்புளைச் சுற்றி ஒரு பக்கத் தோலை எடுத்து நகர்த்தித் தைக்கலாமாம். அதிகம் என்றால் சிக்கல். முதல் அறுவையிலேயே உபரித் தோலை வெட்டிவிட்டதால் இழுக்க மிச்சமில்லை. புது இடத்தில் ஓட்டை போட்டால் பழைய ஓட்டையின் தழும்பு வயிற்றின் நடுவில் நிற்கும். எதுவானாலும் தழும்பு முற்றும் வரை காத்திருக்கச் சொன்னார், ஆறு மாதம் முதல் ஒரு வருடம். அவசரப்பட்டு உடனே ரிவிஷன் (திருத்த அறுவை) செய்யலாம் என்று யாராவது இழுத்தால் யோசியுங்கள்.

மையத்தில் ரிவிஷன் "இலவசம்" என்றுதான் முதலில் பேச்சு. எழுத்தில் கேட்டபோது, சர்ஜன் கட்டணம் மட்டும் இலவசம், தியேட்டர், மயக்க மருந்து, மருந்துச் செலவு எல்லாம் என் தலையில் என்று வந்தது. அறுபதாயிரம்.

இனி காகிதங்கள். இதுதான் பலருக்கும் தெரியாத இடம். அறுவைக்கு முன், "ஹெர்னியான்னு போட்டுடறோம், இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பண்ணிக்கலாம்" என்றார்கள். ஹெர்னியா என்றால் குடலிறக்கம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்குகளில் அழகு அறுவையும் ஒன்று. பொய்க் காரணம் காட்டிப் பணம் வாங்குவது மோசடி, மாட்டினால் பாலிசியே போகும். சொந்தப் பணத்தைக் கட்டினேன். ஆனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'தொப்புள் குடலிறக்கத் திருத்தம்' என்றுதான் இருக்கிறது. டம்மி டக் என்ற சொல்லே இல்லை. எனக்குக் குடலிறக்கமே கிடையாது, ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிறது. பில்லைப் பார்த்ததும்தான் சங்கதி புரிந்தது. நோய்க்கான சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. வெறும் அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு அந்த விலக்கு கிடையாது, 18 சதவீதம் வரி. என் பில்லில் வரி பூஜ்யம். புகார் என்று போனதும் அதே காகிதத்தைக் காட்டி, "நாங்க அழகுக்கு ஆபரேஷன் பண்ணலையே, ஹெர்னியாவுக்குத்தானே பண்ணோம்" என்றார்கள்!

கேஸ் ஷீட்டைக் கேட்டால் இழுத்தடித்தார்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைக் கொடுத்தாக வேண்டும். இதைக் குறிப்பிட்டு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பியதும் வந்துவிட்டது. அதில் அறுவை செய்தவர் என்று இருந்த பெயரை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. ஒப்புதல் படிவத்தில் என் கையெழுத்துக்கு மேலே இருந்த காலி இடங்கள் பிறகு வேறு மையில் நிரப்பப்பட்டிருந்தன. தொப்புள் பற்றி ஒரு வரி இல்லை. மருத்துவர் போதுமான விவரம் சொல்லி வாங்கியதுதான் ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வெறும் கையெழுத்து போதாது.

நீங்கள் போவதாக இருந்தால் முதலில் யார் கத்தி பிடிக்கப் போகிறார் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். எம்.எஸ். முடித்து எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி, அல்லது அதே துறையில் டி.என்.பி. பட்டம் இருக்கிறதா பாருங்கள். சுவரில் தொங்கும் காஸ்மெட்டாலஜி டிப்ளமாவும் ஃபெலோஷிப்பும் இதற்கு ஈடாகாது. பதிவு எண் பிரிஸ்கிரிப்ஷனிலும் ரசீதிலும் இருந்தாக வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். பாண்டிச்சேரியில் ஜிப்மர் அரசு மருத்துவமனையிலேயே பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது, தனியாரில் முன்பணம் கட்டும் முன் ஒரு கருத்து கேட்கப் பாருங்கள். நேராக, இரு பக்கவாட்டில், நின்றபடி படங்களை உங்கள் போனிலும் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். நின்றபடி மார்க்கிங் போடாமல் தியேட்டருக்குள் போகாதீர்கள். அங்கே "டாக்டர் பார்த்துப்பார்" என்று சொல்வதை நம்பிப் படுக்க வேண்டாம்.

கோணல் ஒரு பக்கம் இருக்கட்டும். அறுவைக்குப் பிறகு தொப்புள் கறுத்தாலோ, நாற்றத்துடன் நீர் வடிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே காட்டுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால் அவசரப் பிரிவுக்கே ஓடுங்கள், அது ரத்தக்கட்டாக இருக்கலாம்.

காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லி முடித்தது. 2019 சட்டத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. மையம் பாண்டிச்சேரியில் இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். அதனால் நான் கடலூர் மாவட்ட ஆணையத்தில் போட்டேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், இன்னொரு சர்ஜனின் எழுத்து மூலமான கருத்து கையில் இருப்பது நல்லது. என்னுடையதில் நூல் வைத்து அளந்த அளவுகளோடு அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மையத்தின் தரப்பு இன்னும் பதில் மனு தாக்கல் செய்யவில்லை, அவகாசம் கேட்டிருக்கிறார்கள். தீர்ப்பு வந்த பிறகு பெயரோடு எழுத வக்கீல் ஒத்துக்கொண்டால் எழுதுகிறேன். அதுவரை, இதே பக்கம் செய்துகொண்டு 'ஹெர்னியா' என்று டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால், பில்லையும் சம்மரியையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.